ஆனைமுடியை ஒரே நாளில் பார்த்து வர: கொங்குப் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உடுமலை, பொள்ளாச்சி, திருப்பூர், தாராபுரம், கோவைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஆனைமுடியைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் சமவெளிக்கு இறங்க நினைப்பவர்களுக்காக எழுதியது. மூணாறில் தங்கி நாலு நாள் சுற்றுகிறவர்களுக்கு வேறு இடங்களில் ஏராளமாகத் தகவல் கிடைக்கும். இங்கே ஒரு மலை, ஒரு நாள், அவ்வளவுதான்.

ஆனைமுடி எங்கீங்க இருக்குது? நம்ம மலையா, கேரளா மலையா?

கேரளாவில், இடுக்கி மாவட்டத்தில், இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவிலேயே இதைவிட உயரமான சிகரம் கிடையாது. ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 1975இல் சரணாலயமாக அறிவித்து, 1978இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

எல்லைக்கல்லைப் பார்த்தால் கேரளா. தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தால் பாதி மலை நம்முடையது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பயணத்துக்கு என்னைப் பொறுத்தவரை முக்கியமான காரணமே அதுதான்.

ஒரே நாள்ல போயிட்டு வந்தர முடியுங்களா?

முடியும். ஆனால் அந்த நாளில் அது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டுப்பட்டி அணை, டாப் ஸ்டேஷன், ரோஜாத் தோட்டம் எல்லாவற்றையும் அதே நாளில் திணித்தால் வண்டியின் சீட்டைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

உடுமலையிலிருந்து மூணாறு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். பூங்காவுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நாம் போகும் பக்கத்திலிருந்து மூணாறு ஊருக்கு முன்னாலேயே, ரோட்டோரத்திலேயே, ஐந்தாம் மைல் என்ற இடத்தில் பூங்காவின் வாசல் வந்துவிடும். கொச்சியிலிருந்து வருகிறவர்கள் மூணாறு நெரிசலைத் தாண்டித்தான் அங்கே வர வேண்டும். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. இது தெரியாமல் நேராக மூணாறு டவுனுக்குப் போய், காபி குடித்து, பார்க்கிங் தேடி, மறுபடி வந்த வழியே திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். வாசலைத் தாண்டிப் போகாதீர்கள்.

உடுமலையிலிருந்து காலை ஐந்தரை மணி வாக்கில் கிளம்பினால் விடியும் நேரத்தில் செக்போஸ்ட். எட்டரை, ஒன்பதுக்குள் ஐந்தாம் மைல். கோவைக்காரர்கள் நாலு மணிக்கே பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்துவிட வேண்டும். திருப்பூர், தாராபுரம் ஆட்களும் அதே மாதிரிதான். ஈரோடு, கரூரிலிருந்து என்றால் முந்தின நாள் ராத்திரியே உடுமலைக்கு வந்து படுத்துவிடுவது உடம்புக்கு நல்லது.

ஏன் இவ்வளவு அவசரம்? பத்து மணிக்குக் கிளம்பினா ஆகாதுங்களா?

மலை காத்திருக்காது என்பதல்ல, மேகம் காத்திருக்காது. காலையில் தெளிவாக நிற்கும் ஆனைமுடியின் தலை, மதியம் திரும்பியதும் பெரும்பாலான நாட்களில் மூடிக்கொள்ளும். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, வெள்ளைத் திரையைப் பார்த்து நின்றுவிட்டு, 'ஒண்ணுமே இல்லீங்க அங்க' என்று திரும்புகிறவர்கள் சொல்வதும் உண்மைதான். அவர்கள் போன நேரம் அப்படி.

இன்னொரு காரணம் திரும்பும் வழி. சின்னாறு காட்டுக்குள் இரவுப் போக்குவரத்து கிடையாது. செக்போஸ்ட்டை மூடிவிட்டால் மறுநாள் காலைதான். வெளிச்சம் இருக்கும்போதே காட்டைக் கடந்துவிடும்படி, இரண்டு மணிக்கு மேல் பூங்காவில் நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

வால்பாறை போயிட்டு அப்படியே மலை மேலயே மூணாறு பக்கம் போயிறலாமுங்களா? மேப்ல பக்கத்துல காட்டுது.

மேப்பில் பக்கம்தான். நடுவில் இருப்பது புல்மலைக் காடு, அதை ஒட்டி இரவிகுளம். இரண்டுமே பாதுகாக்கப்பட்ட காடு, பொதுமக்கள் வண்டி போகும் ரோடு கிடையாது. வால்பாறை போனவர்கள் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்ப இறங்கி, ஆழியாறு, பொள்ளாச்சி, உடுமலை என்று சுற்றித்தான் வர வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

வழியில என்னென்ன வரும்?

உடுமலையைத் தாண்டித் தெற்கே போனால் தென்னந்தோப்புகள், காற்றாலைகள், எதிரே சுவராக மலை. பிறகு தமிழ்நாட்டு வனத்துறையின் ஒன்பதாறு செக்போஸ்ட். அதிலிருந்து காடு. கொஞ்ச தூரத்தில் சின்னாறு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரளா செக்போஸ்ட்.

இந்தச் சின்னாறு காட்டைப் பார்த்துவிட்டுப் 'பொட்டல்' என்று சொல்லிவிடுவார்கள். மழை மறைவுப் பிரதேசம் அது. மேற்கே கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் காய்ந்துவிடும். உடைமரம், முள்ளு, கள்ளி, நம்மூர் மேட்டாங்காட்டில் பார்க்கும் அதே மரங்கள். சாம்பல் மலை அணிலும் நட்சத்திர ஆமையும் இந்தக் காட்டின் சொத்து. கேரளாவுக்குள் நுழைந்தும் பத்து கிலோமீட்டருக்கு மேல் காங்கேயம் பக்கம் போகிற மாதிரியே இருக்கும்.

பிறகு ரோடு ஏற ஆரம்பிக்கும். மறையூரில் சந்தனக்காடு, கம்பி வேலிக்குள் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டிருப்பார்கள். கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் ஆலை. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தாண்டினால் லக்கம் அருவி, தலையாறு எஸ்டேட், தேயிலை. கண்ணாடியை இறக்கினால் காது மடல் குளிரும். முள்ளுக்காட்டிலிருந்து தேயிலைக்கு வர இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இப்படி ஒரு ரோடு தமிழ்நாட்டிலேயே குறைவு. வண்டியில் பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள்.

பஸ்ஸுல போகலாமுங்களா?

தாராளமாக. உடுமலை பேருந்து நிலையத்திலிருந்து மூணாறுக்குத் தமிழ்நாடு, கேரளா இரண்டு அரசு பஸ்களும் ஓடுகின்றன. கோவையிலிருந்து என்றால் உக்கடத்தில் ஏறி உடுமலையில் மாறிக்கொள்ளலாம். காலையின் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். டிக்கெட் வாங்கும்போதே 'ராஜமலை, அஞ்சாம் மைல்' என்று சொல்லிவிட்டால் பூங்கா வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். இறங்குவதற்கு முன்னால் மதியத்துக்கு மேல் கீழே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனைமுடி உச்சிக்கு ஏற விடுவாங்களா?

விடமாட்டார்கள். 1862இல் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஏறியதைத்தான் முதல் பதிவாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு சுற்றுலா வருகிறவர்களுக்கு ராஜமலைப் பகுதி மட்டும்தான் திறந்திருக்கிறது. பூங்காவின் பெரும்பகுதி ஆள் நடமாட்டமே இல்லாமல் விடப்பட்டிருக்கிறது.

இதை ஒரு குறையாக யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். தொட்டபெட்டா உச்சிவரை வண்டி போகிறது. உச்சியில் கடை இருக்கிறது, குப்பை இருக்கிறது. தென்னாட்டின் ஆக உயர்ந்த உச்சியில் ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இல்லை என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஏறாமல் பார்க்கிற மலையாகவே அது இருக்கட்டும்.

ஏற முடியாதுன்னா, பிறகு அங்க போயி என்ன பண்றது?

ஐந்தாம் மைலில் வண்டியை நிறுத்திவிட்டு, பூங்காவின் பஸ்ஸில் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து ஏறி ராஜமலையில் இறக்கிவிடும். அதிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத் தளம் போட்ட பாதை. ஏற்றம்தான், செங்குத்து இல்லை. அந்தப் பாதை முடியும் இடம்வரை நடந்து, நின்று, பார்த்து, திரும்ப வேண்டியதுதான். போய்வர இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையின் ஒரு பக்கம் பாறைச் சுவர். மழைக்குப் பிந்தைய மாதங்களில் அந்தப் பாறையில் எங்கே கையை வைத்தாலும் ஈரம். பாறை இடுக்கில் கொத்தாக நிற்கும் புல்லின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். மேலே அருவி எதுவும் இருக்காது. புல்வெளி குடித்து வைத்திருக்கும் மழைதான் அப்படிக் கசிகிறது. மறுபக்கம் பள்ளத்தாக்கு. அதற்கு மேலே, ஆனையின் மத்தகம் மாதிரியே உருண்டு திரண்ட கரும்பாறையாக ஆனைமுடி.

மலைச்சரிவை உற்றுப் பாருங்கள். மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாக மரக்கூட்டம். அந்த மரக்கூட்டம்தான் சோலை. உறைபனியும் காற்றும் அடிக்கும் மேட்டில் புல் வளர, ஈரமும் மண்ணும் தங்கும் மடிப்பில் மரம் வளரும். இப்படிப் புல்லும் சோலையுமாகக் கிடந்த மலைகளில் பெரும்பகுதியைத் தேயிலைக்கும், சீகை என்கிற வாட்டில் மரத்துக்கும், தைலமரத்துக்கும் கொடுத்துவிட்டோம். பழைய அமைப்பு கெடாமல் விரிந்து கிடப்பதை இவ்வளவு சுலபமாகப் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் சிலவே.

இந்த உயரத்தில் மட்டும் வாழும் உயிர்களும் உண்டு. செக்கச்செவேலென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டித் தவளையை இங்கே கண்டெடுத்து 2010இல் புது இனமாக அறிவித்தார்கள். அது நம் கண்ணில் படாது. நடமாட்டமில்லாத உச்சிப் பகுதியில், புல்லின் தூருக்குள் இருக்கிறது.

வரையாடு கண்டிப்பா தெரியுங்களா?

காட்டில் எதையும் கண்டிப்பாக என்று சொல்லக்கூடாது. ஆனால் வரையாட்டைப் பார்க்க ராஜமலையைவிட நல்ல இடம் இல்லை. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இந்த ஆடு இல்லை. 2025இல் தமிழ்நாடும் கேரளாவும் ஒரே நேரத்தில் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தமே 2,668. அதில் 841 இரவிகுளத்தில்.

நம் மாநில விலங்கு இது. தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கி, அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகவும் அறிவித்தது. 1975இல் இந்த ஆட்டைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரை நினைவுகூரும் நாள் அது.

பாதையோரம் பத்தடி தூரத்தில்கூட வந்து மேயும். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பழுப்புச் சாம்பல் நிறப் பெட்டையும் குட்டியும். வயதான கிடா வேறு மாதிரி. உடம்பெல்லாம் கருத்து, முதுகில் மட்டும் சேணம் போட்டாற்போல வெளுத்திருக்கும். பின்னால் வளைந்த தடித்த கொம்பில் வரிவரியாக வளையங்கள். நேராக நிற்கும் பாறையில் ஒரு கை அகலம் இடம் இருந்தால் போதும், நாலு குளம்பையும் அதில் ஒடுக்கி நின்றுகொண்டு, தலையை மட்டும் திருப்பி நிதானமாக அசைபோடும். அந்த நிற்பைப் பார்த்த பிறகு பட்டியில் அடைத்திருக்கும் நம்மூர் வெள்ளாட்டைப் பார்க்கும் கண்ணே மாறிப்போகும்.

தொடக்கூடாது, தின்பண்டம் எதுவும் நீட்டக்கூடாது, செல்ஃபிக்காகப் பின்னாலேயே போகக்கூடாது. மனிதனுக்குப் பயப்படாமல் அது பக்கத்தில் வருவது, பல ஆண்டுகளாக அங்கே அதை யாரும் வேட்டையாடாததால். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

எந்த மாசம் போறது நல்லதுங்க?

முதலில் போகக்கூடாத மாதம். வரையாடு குட்டி போடும் காலம் என்று வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியை ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். ஜனவரி கடைசியில் போக நினைப்பவர்கள் கிளம்புமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் திறந்ததும் போனால் குட்டிகளோடு மந்தையைப் பார்க்கலாம். மே மாதம் ஒரே கூட்டம். டிசம்பரும் ஜனவரியும் மலை தெளிவாகத் தெரியும் மாதங்கள். விடியலில் புல்லில் உறைபனியும் இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகாதீர்கள். ஓணத்துக்கும் அப்படித்தான். என் விருப்பத்தைக் கேட்டால் செப்டம்பர் கடைசி, மழை விட்ட ஒரு வார நாள். புல் பச்சையாக இருக்கும், பாறையெல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கும், மேகம் வந்து வந்து விலகும்.

மழைக்காலத்துல போனா என்னங்க?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் தென்மேற்குப் பருவமழை அங்கே அடிக்கும் அடி, உடுமலையில் இருந்துகொண்டு நினைத்துப் பார்க்க முடியாதது. நமக்கு இங்கே காற்று மட்டும்தான் வரும்.

ராஜமலையைத் தாண்டிப் போகும் ரோட்டில்தான் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அங்கே எஸ்டேட் லயன் வீடுகளின் மேல் மலை சரிந்தது. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள். அந்த மலையின் மழையை வேடிக்கையாக நினைக்கவே கூடாது. இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

டிக்கெட் எப்படி எடுக்கறது?

பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் தேதியும் நேரமும் குறித்து முன்னாலேயே எடுத்துவிடலாம். காலையின் முதல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த டிக்கெட்டிலேயே பூங்கா பஸ்ஸும் அடக்கம். சொந்த வண்டியை மேலே விடமாட்டார்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இணையதளத்தில் அன்றைக்கு உள்ளதைப் பாருங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

இ-பாஸ் வேணுங்களா?

2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். உடுமலை வழியாக மூணாறு போக அது தேவையில்லை. வாடகை வண்டி எடுத்தால் மட்டும் கேரளா பெர்மிட் கட்டியாயிற்றா என்று டிரைவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் உங்கள் காலை நேரம்தான் கரையும். இரண்டு பக்கமும் வனத்துறை பிளாஸ்டிக்கும் மதுபாட்டிலும் தேடிச் சோதனை போடும். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். காட்டோரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு பாட்டில் சில்லு ஆனையின் காலில் ஏறினால் அது சீழ்வைத்தே சாகும்.

அப்பாரு, ஆத்தாவைக் கூட்டிட்டுப் போலாமுங்களா? கைக்குழந்தை இருந்தா?

கூட்டிப் போகலாம். மெதுவாக நடந்தால் எழுபது வயதுக்காரர்களும் அந்தப் பாதையை முடித்துவிடுவார்கள். மூட்டுவலிக்காரர்கள் பஸ் இறக்கிவிடும் இடத்திலேயே உட்கார்ந்தாலும் பள்ளத்தாக்கும் மலையும் தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி அன்றைக்கு ஓடுகிறதா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். மூச்சுத்திணறலும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்பதும் ஆகாது. ரெண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கைக்குழந்தைக்குக் காது மூடும் குல்லா முக்கியம். மேலே அடிக்கும் காற்று, குளிரைவிடக் கெட்டது.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கட்டுச்சோறுதான் சரி. புளிச்சோறு, அரிசிம்பருப்புச் சோறு, தயிர்ச்சோறு எது கட்டினாலும் எவர்சில்வர் டப்பாவிலோ வாழை இலையிலோ கட்டுங்கள். தண்ணீருக்கும் பித்தளையோ சில்வரோ. பூங்காவுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது வேண்டாம். வரையாட்டுக்கும் குரங்குக்கும் ஆசை காட்டின மாதிரி ஆகிவிடும். இறங்கி வரும்போது மறையூரில் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஓட்டல்களும் இருக்கின்றன, தமிழ் எல்லோருக்கும் தெரியும்.

வழியில ஆனை வந்துட்டா?

வரக்கூடிய காடுதான். தூரத்தில் பார்த்ததுமே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஹாரன் அடிக்கக்கூடாது, இறங்கக்கூடாது, கண்ணாடியை இறக்கி போன் பிடிக்கக்கூடாது. பின்னால் வருகிறவருக்கு இண்டிகேட்டர் போட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அது ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு நேரமும் அதனுடையது. இருசக்கர வண்டியில் போகிறவர்கள் தனியாகப் போகாமல் காருக்கோ பஸ்ஸுக்கோ பின்னால் போவது நல்லது.

பாதி மலை நம்முடையதுன்னு சொன்னீங்களே, அது எப்படீங்க?

இரவிகுளத்தில் பிறக்கும் ஓடைகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடுவதில்லை. மேற்கே இறங்குவது பெரியாறு, சாலக்குடிப் புழை வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே இறங்குவது பாம்பாறு. கேரளாவில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அதில் பவானியும் பாம்பாறும் கொங்கு நாட்டுக்கு வருகின்றன.

பாம்பாறு ஆனைமுடியின் கிழக்குச் சரிவில் பிறக்கிறது. மறையூர்ப் பள்ளத்தாக்கில் இறங்கி, தூவானம் அருவியாக விழுந்து, சின்னாற்றோடு கூடி, எல்லையைத் தாண்டியதும் அமராவதி. 1957இல் கட்டிய அமராவதி அணையில் 90 அடி உயரத்துக்கு, ஏறக்குறைய 4 டி.எம்.சி. தேங்கி நிற்பது இந்த மலைகளின் தண்ணீர். கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர், கடத்தூர் ராஜவாய்க்கால்களில் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்வது அதுதான். தாராபுரத்தைத் தாண்டி, கரூர் பக்கம் காவிரியில் சேரும்வரை வழிநெடுகக் கிணற்றில் ஊறுவதும் அதுதான்.

அணைக்கட்டில் தண்ணீர் விடும் தேதிக்குச் சண்டை போடும் நம்மில் எத்தனை பேர் அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறோம்? ராஜமலைப் பாறையில் சொட்டும் ஈரத்தையும் அந்தப் புல்வெளியையும் பார்த்த பிறகு, மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஆற்றில் ஏன் கொஞ்சம் நீரோட்டம் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே புல்லை அழித்துத் தைலமரம் வைத்தால் இங்கே கணியூரில் நாற்று காயும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் தயவுசெய்து இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அதனால் திரும்பும்போது ஒரு காரியம் செய்யுங்கள். தண்ணீரோடு இறங்குங்கள். லக்கம் அருவியில் பத்து நிமிடம் நில்லுங்கள். இரவிகுளத்து ஓடை அது, பாம்பாற்றில் சேரப்போகிறது. சின்னாறு காட்டில் ரோட்டிலிருந்தே தூரத்தில் தூவானம் வெள்ளைக் கோடாகத் தெரியும். கீழே வந்து பொழுது இருந்தால் அமராவதி அணை மேல் ஏறிப் பாருங்கள். பக்கத்திலேயே 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அணைக்கரையில் வறுத்துத் தரும் மீன் பெரியவர்களுக்கு.

நீலக்குறிஞ்சி எப்பங்க பூக்கும்?

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. குறிஞ்சியில் வேறு பல வகைகளும் உண்டு. அவை வேறு ஆண்டுகளில் அங்கங்கே பூக்கும். அதைப் பார்த்துவிட்டு 'குறிஞ்சி பூத்துருச்சு' என்று வாட்ஸப்பில் வருவதை நம்பி வண்டி எடுக்காதீர்கள்.

பூங்காவுல வேலை செய்யறவங்க யாரு?

வனக்காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் முதுவர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த மலைகளில் காலங்காலமாக வாழ்கிறவர்கள், தமிழ் பேசுவார்கள். 'அண்ணா, கிடா எங்கே நிக்குது?' என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பைனாகுலரில் தேடியும் கிடைக்காததை வெறும் கண்ணால் காட்டுவார்கள். அவர்கள் குடிகளுக்குள் போய்ப் படம் எடுப்பது வேண்டாம்.

என்ன துணிமணி எடுத்துக்கறது?

ஸ்வெட்டர், காது மறைக்க ஒரு துண்டு, வழுக்காத செருப்பு அல்லது ஷூ. மழைக்கோட்டு எந்த மாதமும் பையில் இருக்கட்டும். அந்தக் காற்றில் குடை நிற்காது.

அவ்வளவு தூரம் போயி டிக்கெட் தீர்ந்துபோச்சு, இல்லைன்னா மூடிட்டாங்கன்னா?

ஐந்தாம் மைலில் நின்று சண்டை போட வேண்டாம். கவுன்ட்டரில் மதிய நேர டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மறையூருக்கு இறங்கிவிடுங்கள். அங்கே பாறை மேல் முனியறைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஆட்கள் பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடுகல் போட்டுக் கட்டியவை. நம் கொடுமணல் பக்கத்துப் பெருங்கற்காலக் கல்வட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதுவும் தெரிந்த சொந்தம் போல இருக்கும். நேரம் இருந்தால் காந்தளூர் பழத்தோட்டங்கள். காலையிலேயே தெரிந்துவிட்டால் சின்னாறு வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்துவரலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆகியிருந்தால் எதையும் சேர்க்காமல் நேராக இறங்கி, சின்னாறு செக்போஸ்ட்டை வெளிச்சத்தில் தாண்டிவிடுங்கள்.